சட்டத்தால் எண்ண முடியாதவை

சின்ன விமானம் ஒன்றில் வீட்டாரையோ நண்பர்களையோ ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டுமா? கடந்த 90 நாளுக்குள் மூன்று டேக்ஆஃப், மூன்று லேண்டிங் செய்திருக்க வேண்டும். அமெரிக்க விதி இதைத்தான் கேட்கிறது. ஐரோப்பிய விதியும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறது. இரவில் ஆட்களை ஏற்றுவதென்றால் அந்த மூன்றும் இரவிலேயே நடந்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் விமானம் முழுதாக நின்றிருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் கூடுதல் நிபந்தனை. அதுபோக, 24 மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்ட்ரக்டர் ஒருவரோடு குறைந்தது ஒரு மணி நேரம் தரையில் பேசி, ஒரு மணி நேரம் வானில் பறந்து காட்ட வேண்டும். மருத்துவச் சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கக் கூடாது. இத்தனையும் இருந்துவிட்டால் தாளில் எந்தக் குறையும் இல்லை.

காற்றே இல்லாத ஒரு காலையில், பழகிய ரன்வேயையே சுற்றிச் சுற்றி வந்தால் அந்த மூன்று லேண்டிங்கையும் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். பிறகு விமானத்தைத் தொடவே வேண்டாம். 89ஆவது நாள், காற்று குறுக்கே வீசியடிக்கும் ஒரு மதியத்தில், முன்பின் பார்த்திராத ஓர் ஓடுதளத்துக்கு மூன்று பேரை அழைத்துக்கொண்டு போகலாம். சட்டம் ஒன்றும் சொல்லாது.

இதற்காகச் சட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஓர் ஆய்வாளர், விமானி தன் பறப்புக் கணக்கை எழுதும் லாக்புக்கைப் புரட்டி எதை எண்ணிப் பார்க்க முடியுமோ அதை மட்டும்தான் சட்டம் கேட்க முடியும். மணி நேரம், லேண்டிங், மாதம், டேங்கில் எத்தனை நிமிடத்துக்கான எரிபொருள். வானொலியில் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் பேசியது முதல் தடவையிலேயே காதில் விழுந்ததா, பத்து நிமிடம் கழித்து வரப்போவதை மனம் இப்போதே நினைத்துக்கொண்டிருந்ததா என்பதையெல்லாம் எண்ண வழியில்லை. பெரிய ஏர்லைன்களில் சிமுலேட்டர் பரிசோதனை வருகிறது, பக்கத்து இருக்கையில் இன்னொரு விமானி இருக்கிறார், பின்னால் ஒரு நிறுவனமே இருக்கிறது. என்னைப் போல ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை விமானத்தைப் பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்களுக்கு அந்த இடத்தில் யாரும் இல்லை. எண்ண முடியாததையெல்லாம் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில வாரம் பறக்காமல் இருந்தால் முதலில் துருப்பிடிப்பது கை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் கை அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. வேலைகளின் வரிசைதான் முதலில் குலைகிறது. ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறந்து வரும்போது, இறங்க வேண்டிய முனை இறக்கைக்கு நேரே வந்ததும் பவரைக் குறைக்க வேண்டும். வேகம் இறங்கியதும் முதல் கட்ட ஃப்ளாப் (மெதுவாக இறங்க இறக்கையின் பின்விளிம்பில் தாழ்த்தும் தகடு), ட்ரிம் (கன்ட்ரோலைப் பிடிக்கும் பாரத்தைக் குறைக்கும் அமைப்பு), ரேடியோவில் ஓர் அறிவிப்பு, வேறு விமானம் இருக்கிறதா என்று ஒரு பார்வை. பழக்கத்தில் இருக்கும்போது இவை ஒன்றன்பின் ஒன்றாகத் தானாக வரும். இடைவெளி விழுந்தால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப்போய், ரன்வேக்கு நேராக வரும் கடைசிக் கட்டத்தில் மொத்தமாக வந்து மேலே விழும். வேகம் பத்து நாட் (மணிக்குக் கடல் மைல்) கூட, உயரமும் கூட, டவரோ அந்த நேரம் பார்த்துத்தான் ஏதாவது கேட்கும். விமானம் முன்னே போய்விடும், மனம் பின்னால் ஓடிவந்துகொண்டிருக்கும்.

கிராஸ்விண்ட் லேண்டிங், அதாவது குறுக்குக் காற்றில் இறங்குவது, இன்னும் மோசம். காற்று வரும் பக்கம் இறக்கையைச் சற்றுத் தாழ்த்தி, எதிர்ப் பக்க ரட்டரை (வாலில் இருக்கும் சுக்கான்) மிதித்து மூக்கை ரன்வேயோடு நேராக வைத்து, காற்றுப் பக்கச் சக்கரத்தை முதலில் தொடவிட வேண்டும். அதுவரை ஒழுங்காகச் செய்கிறவர்கள்கூட, சக்கரம் தொட்டவுடன் முடிந்தது என்று, இறக்கையைச் சாய்க்கும் ஐலரானைத் தளர்த்திவிடுவார்கள். உண்மையில் வேகம் குறையக் குறைய ஐலரானுக்குப் பிடி போய்விடுவதால், காற்றுப் பக்கம் இன்னும் அதிகமாகத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். காற்றில்லாத காலைகளில் இறங்கிய மூன்று லேண்டிங் இதைக் கற்றுத்தராது. ஆனால் லாக்புக்கில் எல்லா லேண்டிங்கும் ஒரே ஒரு கோடுதான்.

சரி, இந்தப் பொறுப்பு யாருடையது என்று சட்டம் என்ன சொல்கிறது? 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பு வான்வழி விதிகளைப் பற்றியது. கட்டுப்பாடுகளைத் தன் கையால் இயக்கினாலும் இயக்காவிட்டாலும், விமானம் விதிப்படி நடப்பதற்கு அதன் கமாண்டரே, அதாவது அந்தப் பயணத்தின் தலைமை விமானியே, பொறுப்பு என்று அதில் இருக்கிறது. விமானத்தை என்ன செய்வது என்பதில் இறுதி அதிகாரமும் அவருக்கே. பாதுகாப்புக்கு வேறு வழியே இல்லை என்றால் அந்த விதிகளிலிருந்தே விலகலாம் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறார்கள். தன்னையே மீறிக்கொள்ள இவ்வளவு வெளிப்படையாக அனுமதி தரும் சட்டம் வேறு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. முதல் தடவை படித்தபோது பெருமையாக இருந்தது. பிறகு யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது. டவர் சொன்னது, மெக்கானிக் கையெழுத்துப் போட்டது, வானிலைக்காரர் கணித்தது என்று எதையும் பின்னால் போய்ச் சாக்காகச் சொல்ல முடியாது.

எரிபொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புப் பதிவேட்டில் எல்லாக் கையெழுத்தும் சரியாக இருக்கலாம். ஆனாலும் இறக்கையின் அடியில் இருக்கும் வால்வை அழுத்தி ஒரு சிறு கிண்ணத்தில் எரிபொருளைப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பது கமாண்டர் வேலை. பிஸ்டன் எஞ்சின்களுக்கான 100 எல்எல் பெட்ரோல் வெளிர்நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அது கனம் என்பதால் அடியில் தங்கி, நடுவே ஒரு கோடு தெரியும். கோடு தெரியவில்லை என்று நிம்மதியாகிவிடக் கூடாது. கிண்ணம் முழுக்கத் தண்ணீராகவே இருந்தாலும் கோடு தெரியாது. அதனால் நிறத்தையும் பார்க்க வேண்டும், முகர்ந்தும் பார்க்க வேண்டும். குளிரிலும் அவசரத்திலும் பலர் தாவிப்போகும் முதல் வேலை இதுதான்.

அளவு விஷயமும் அப்படியே. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் புத்தம்புது போயிங் 767 ஒன்று 41,000 அடியில் பறக்கும்போது எரிபொருள் தீர்ந்து, இரண்டு எஞ்சினும் நின்றது. அளவுகாட்டி வேலை செய்யாததால் லிட்டரைக் கிலோவாக மாற்றக் கணக்குப் போட்டார்கள். அதில் பவுண்டுக்கான எண்ணைப் பயன்படுத்திவிட்டார்கள். தேவையானதில் பாதிகூட ஏறவில்லை. அந்தக் கேப்டன் ஓய்வு நேரத்தில் கிளைடர் ஓட்டுகிறவர் என்பதால் கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் எல்லோரையும் உயிரோடு இறக்கினார். பொழுதுபோக்குக்காகப் பழகி வைத்த ஒன்று, எந்த விதியும் கேட்காத ஒன்று, அன்றைக்குக் கைகொடுத்தது.

கிளம்புமுன் கிடைக்கும் தகவல் அனைத்தையும் கமாண்டர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது இன்னொரு விதி. எழுதுவதற்குச் சுலபமான வாக்கியம். நோட்டாம் என்ற பெயரில் வரும் அறிவிப்புக் குவியலைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். எங்கோ ஒரு கிரேனில் விளக்கு எரியவில்லை என்பதும், நீங்கள் இறங்கப்போகும் ரன்வே மூடியிருக்கிறது என்பதும் ஒரே எழுத்தில், ஒரே சுருக்கெழுத்துப் பாஷையில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கிடக்கும். 2017 ஜூலை 7 இரவு சான்ஃபிரான்சிஸ்கோவில் இறங்க வந்த ஏர் கனடா ஏர்பஸ் ஏ320 ஒன்று, ரன்வேக்குப் பதில் அதற்கு இணையான டாக்சிவேயை (விமானங்கள் தரையில் ஊர்ந்து செல்லும் பாதை) நோக்கி வந்தது. அங்கே நான்கு விமானங்கள் புறப்படக் காத்துக்கொண்டிருந்தன. ஏறத்தாழ 60 அடி உயரம் வரை இறங்கிவிட்டு, கடைசி நொடியில் மேலே எழும்பியது. பக்கத்து ரன்வே மூடப்பட்டு விளக்குகள் அணைக்கப்பட்டிருந்ததால்தான் விமானிகளுக்கு அந்தக் காட்சிக் குழப்பம். மூடியிருக்கிறது என்ற அறிவிப்பு அவர்களிடம் இருந்தது, 27 பக்கக் கட்டில் எட்டாவது பக்கத்தில்.

அதே சம்பவத்தில் இன்னொன்றும் உண்டு. அந்தக் கேப்டன் 19 மணி நேரத்துக்கும் மேலாக விழித்திருந்தார். அன்றைய கனடா விதிகளின்படி அதில் தவறு எதுவும் இல்லை. விதி பணிநேரத்தை எண்ணியது. அதற்கு முன் அவர் எப்போது கண்விழித்தார் என்பதை எண்ணவில்லை.

உடம்பு விஷயத்தில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். மருத்துவச் சான்றிதழ் என்பது டாக்டர் உங்களைப் பார்த்த அந்த ஒரு நாளைப் பற்றிய தாள். உடல்நிலை குறைந்திருப்பது தெரிந்தால் உரிமத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று விதியும் சொல்கிறது. அதாவது ஒவ்வொரு காலையிலும் டாக்டர் நீங்கள்தான். குடித்துவிட்டுப் பறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அமெரிக்காவில் குறைந்தது எட்டு மணி நேர இடைவெளி வேண்டும். மாத்திரையில்தான் கோட்டை விடுகிறோம். அங்கே உயிரிழந்த விமானிகளின் உடற்பரிசோதனைகளில், மந்தப்படுத்தக்கூடிய மருந்துகளில் அதிகமாகத் தென்பட்டது கஞ்சாவோ போதைப்பொருளோ இல்லை. கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைஃபென்ஹைட்ரமின் என்ற சளி, ஒவ்வாமை மருந்துதான். அதைச் சாப்பிட்டால் 60 மணி நேரம் பறக்காதீர்கள் என்று அமெரிக்க விமானத் துறை சொல்கிறது. மூக்கடைப்புக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு காலையில் கிளம்புகிறவர் தன்னை யோக்கியன் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

அனுபவம் மிகுந்தவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று நினைப்பவர்களுக்கு ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் நடந்த விபத்தைச் சொல்வேன். 1977 மார்ச் 27, பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ ஜெட்கள் ரன்வேயில் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதியில்லாமல் டேக்ஆஃபைத் தொடங்கிய, நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன கேப்டன், அந்த நிறுவனத்தில் விமானிகளுக்குப் பயிற்சி தருகிறவர். அவருடைய நேரத்தில் பெரும்பகுதி சிமுலேட்டரில் கழிந்தது. சிமுலேட்டரில் டவரின் அனுமதிக்காகக் காத்திருக்கும் பழக்கம் குறைவு, பயிற்சியாளரே அனுமதி கொடுத்துவிட்டுக் கிளம்பச் சொல்வார். இதை ஸ்பெயின் விசாரணை அறிக்கையே குறிப்பிடுகிறது. மணிக்கணக்கில் பார்த்தால் அவருக்கு அனுபவத்தில் குறைவே இல்லை. வழக்கமான பயணங்களில் இருக்கும் பழக்கம் வேறு சங்கதி.

அந்த விபத்தில் என்னை அதிகம் உறுத்துவது மற்றொரு விவரம். பணிநேர வரம்பு விதிகள் நெதர்லாந்தில் அப்போதுதான் கடுமையாக்கப்பட்டிருந்தன. முன்பு கேப்டன் தன் விருப்பப்படி நீட்டிக்க முடிந்ததை இப்போது நீட்டிக்க முடியாது, மீறினால் வழக்கு வரலாம். தாமதமாகிக்கொண்டே போன அந்த மதியத்தில் குழுவுக்கு இந்தக் கடிகாரமும் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. களைப்பிலிருந்து காப்பாற்ற வந்த விதியே அவசரத்தையும் கொண்டுவந்தது. விதி வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. பின்பற்றுவதே போதும் என்று உட்கார்ந்துவிட முடியாது, அவ்வளவுதான்.

எங்களைப் போன்ற சிறு விமானக்காரர்களைக் கொல்வது பெரும்பாலும் இவ்வளவு சிக்கலான கதை இல்லை. மேகத்துக்குள் போய்விடுவதுதான். கண்ணால் பார்த்து ஓட்டப் பயின்றவர் மேகத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று 1954இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பயிற்சி இல்லாத 20 பேர். கட்டுப்பாட்டை இழக்கச் சராசரியாக 178 நொடி ஆனது. கட்டுப்பாட்டை இழக்காதவர் ஒருவர்கூட இல்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு மெதுவான திருப்பம் உறைப்பதே இல்லை. விமானம் சாய்ந்து வட்டமடித்துக்கொண்டிருக்கும், உடம்பு நேராகப் போகிறோம் என்று சத்தியம் செய்யும். உயரம் குறைகிறதே என்று கன்ட்ரோலை இழுத்தால் சுழல் இன்னும் இறுகும்.

மேகம்கூட வேண்டியதில்லை. ஜான் எஃப். கென்னடியின் மகன் 1999 ஜூலை 16 இரவு மனைவியோடும் மனைவியின் சகோதரியோடும் கடலுக்கு மேல் பறந்தார். பார்வைத் தூரம் அறிவிப்புகளில் விதி கேட்கும் அளவுக்கு மேல்தான் இருந்தது. ஆனால் கீழே கறுத்துக் கிடந்த கடல், மேலே புகைமூட்டம், அடிவானம் எங்கே என்று தெரியாத இருட்டு. திசையுணர்வை இழந்ததால் விபத்து என்றது விசாரணை. அன்றைய இரவு அவர் கிளம்பியதில் சட்டமீறல் எதுவும் இல்லை.

அதனால் எனக்கென்று சில வரம்புகளைத் தாளில் எழுதி, செக்லிஸ்டோடு செருகி வைத்திருக்கிறேன். பகலில் 30 நிமிடக் கையிருப்பு எரிபொருள் போதும் என்கிறது அமெரிக்க விதி, என் தாளில் ஒரு மணி நேரம். கிராஸ்விண்டுக்கும் ஓர் எண் உண்டு. செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானத்தின் கையேட்டில் 15 நாட் என்று இருக்கும். அது விமானத்தின் எல்லை இல்லை, சோதனை விமானி செய்துகாட்டிய அளவு. ஆனால் அவர் தினமும் அதையே செய்கிறவர். மாதம் ஒருமுறை பறக்கிறவன் அதில் பாதியில் நிற்பது மரியாதை. கணக்கும் கஷ்டமில்லை: ரன்வேக்கு 30 பாகை சாய்வாக 20 நாட் காற்று வீசினால் குறுக்கே வருவது 10 நாட். தாளில் பென்சிலால் எழுதுவது நல்லது. இடைவெளி நீண்டால் எண்களை இறக்கவும், இன்ஸ்ட்ரக்டரோடு போய்வந்தால் ஏற்றவும் வேண்டியிருக்கும். வானில் இருக்கும்போது மட்டும் மாற்றுவதில்லை. அங்கே ஆசை வாதாட ஆரம்பித்துவிடும்.

இன்ஸ்ட்ரக்டரோடு போகும்போது எனக்கு நன்றாக வருவதைச் செய்துகாட்டிக் காசை வீணாக்குவதில்லை. கோ-அரவுண்ட் கேட்கிறேன். கேட்பதற்குச் சாதாரணம், இறங்காமல் மீண்டும் எழும்புவது. முழு ஃப்ளாப்போடு இறங்கி வரும் விமானத்தில் முழு பவரையும் கொடுத்தால் மூக்கு விசுக்கென்று மேலே எழும். இறக்கத்துக்காக வைத்த ட்ரிம்தான் காரணம். கன்ட்ரோலை முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டும், வேகம் குறைந்தால் அந்த உயரத்திலேயே ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும். அப்புறம் ஃப்ளாப்பை ஒரேயடியாக மடக்காமல் ஒவ்வொரு கட்டமாக. மாதக்கணக்கில் செய்யாத ஒருவர் இதை முதல் தடவை நிஜத்தில், ஓர் நாய் ரன்வேயில் குறுக்கே ஓடும்போதுதான் செய்வார். இறங்குவதைக் கைவிடத் தயங்குகிறவர்கள் பலருக்கும் உள்ளே இருப்பது இந்தப் பழக்கமின்மை தரும் கூச்சம்தான் என்பது என் எண்ணம்.

பறக்க முடியாத வாரங்களில் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழுச் சுற்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். வீட்டில் சிரிப்பார்கள். டேக்ஆஃபில் எஞ்சின் நின்றால் மூக்கைத் தாழ்த்து, வேகத்தைப் பிடி, எதிரே தெரியும் வெளியில் இறங்கு, ரன்வேக்குத் திரும்பாதே என்பதைச் சொல்லிச் சொல்லியே வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் கிடையாது. டேப்லெட்டில் இருக்கும் வரைபடத் தரவு 28 நாளுக்கு ஒருமுறை மாறும், அதைப் புதுப்பிப்பதும் இதே பட்டியலில்தான்.

விபத்து அறிக்கைகளையும் படிக்கிறேன். அதைவிட, விபத்தாகாமல் தப்பியவற்றைப் படிப்பது பலன் தருகிறது. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனை நோக்கி வந்த, டிடபிள்யூஏ என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானம், அனுமதி வாசகத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு சீக்கிரம் இறங்கி மலையில் மோதி, 92 பேரும் இறந்தார்கள். ஆறு வாரம் முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் அதே குழப்பத்தில் சிக்கி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தச் செய்தி அந்த நிறுவனத்தைத் தாண்டி வெளியே போகவில்லை. அதன் பிறகுதான் 1976இல் நாசா நடத்தும் ரகசிய அறிக்கை முறை அமெரிக்காவில் வந்தது. தெரியாமல் நடந்த விதிமீறலைப் பத்து நாளுக்குள் எழுதி அனுப்பினால் தண்டனையிலிருந்து விலக்கும் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் அந்த அறிக்கைகளைப் படிக்கலாம்.

கடைசியாக ஒன்று: பயணிகள். வானிலையைவிட அழுத்தம் தருவது அவர்கள்தான், பாவம், அது அவர்களுக்குத் தெரியாது. விடுமுறை எடுத்து, பை கட்டி, குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறவர்களிடம் இன்றைக்குப் போக முடியாது என்று சொல்வது கிராஸ்விண்ட் லேண்டிங்கைவிடக் கஷ்டம். அதனால் அழைக்கும்போதே பேசிவிடுகிறேன். "அப்ப சனிக்கிழமை கன்ஃபார்ம்தானே?" என்று நண்பர் கேட்பார். "வெள்ளிக்கிழமை ராத்திரி வானிலை பார்த்துட்டுச் சொல்றேன், காலைல மறுபடி பார்ப்பேன், அங்க வந்த பிறகும் வேணாம்னு சொல்லலாம். திரும்பி வர கார் வழியும் யோசிச்சு வைங்க." பாதிப் பேர் அப்போதே காரில் போய்விடலாம் என்கிறார்கள். மீதிப் பேரோடு பறக்கிறேன்.